வாடை சட்டையில் இல்லை

கட்டடப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் இயந்திரங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை. கரண்ட் போனால் ஓடும் டீசல் ஜென்செட்டை எப்படி இயக்குவது, பிரேக்கர் விழுந்தால் எதை முதலில் பார்ப்பது என்பதெல்லாம் பயிற்சியிலேயே வந்துவிடும். பயிற்சியில் வராத ஒரு பிற்பகலைச் சொல்கிறேன். ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனாலும் வெயில் ஏறும் நாட்களில் அது என்னை ஓரிடத்தில் உட்காரவிடுவதில்லை.

அந்த ஆண்டு கிறிஸ்தவர்களின் தவக்காலமும் முஸ்லிம்களின் நோன்பு மாதமும் சேர்ந்தே வந்தன. மழை கடைசியாகப் பெய்தது சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் இரவு. நல்ல கணவன் வேண்டிப் பெண்கள் கடலில் ஆரஞ்சுப் பழம் எறிந்துகொண்டிருந்தபோது பெய்த மழை அது. அதற்குப் பிறகு பினாங்குத் தீவில் ஒரு சொட்டு இல்லை. பள்ளிக்கூடங்களில் திடல் விளையாட்டை நிறுத்தியிருந்தார்கள். எங்கோ புல் எரிந்து, காலை நேரத்தில் வானம் பால் கலந்த மாதிரி இருந்தது. நான் சொல்லப்போவது உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை.

நான் அப்போது தீவின் ஜெலுத்தோங் வட்டாரத்தில் ஒரு நான்கு மாடிக் கட்டடத்துக்குச் சார்ஜ்மேன். அதாவது, அங்கே மின்சாரத்துக்கு உரிமம் வைத்திருந்த பொறுப்பாளர். முதல் மாடியில் ஒரு டயாலிசிஸ் மையம். ஒரு டஜன் நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இயந்திரம். சிறுநீரகம் நின்றுபோனவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நாலு மணி நேரம் அசையாமல் கிடந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். ஒரு தடவை தவறினால் உடம்பு தாங்காது. ஆகவே அந்த மாடிக்கு மின்சாரம் நிற்கக் கூடாது என்பதே என் வேலையின் முதல் வரி.

கட்டடத்தின் முன்பக்கம் பெரிய சாலை. பின்பக்கம் ஒரு சந்து. சந்தில்தான் எங்கள் ஜென்செட், குளிர்சாதன ஏர்கோன்களின் வெளிப்பெட்டிகள், வெளிக்காற்றை உள்ளே இழுத்துத் தரும் விசிறி எல்லாம். ஜென்செட்டின் புகைக்குழாய் பின்சுவரோடு ஏறி, முதல் மாடிக்குச் சற்று மேலே முடியும். சந்து திறந்த வெளி. புகை எழுந்து போய்விடும். பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது.

அந்த வெயிலில் மின்கட்டணம் ஏறியது. வெளிப்பெட்டிகள் நாள் முழுக்க நேர் வெயிலில் காய்வதால் கூடுதல் மின்சாரம் தின்கின்றன என்று எங்கள் டெக்னீஷியன் ஆ செங் சொன்னான். கெட்டிக்காரன். சந்துக்கு மேலே இரண்டாம் மாடி உயரத்தில் துத்தநாகத் தகடு போட்டு நிழல் கொடுக்கலாம் என்பது அவன் யோசனை. போட்டோம். பெட்டிகளுக்கு வெயில் தணிந்தது, எல்லோரும் பாராட்டினோம். அதற்குப் பிறகும் ஜென்செட்டை வாரந்தோறும் ஓட்டிப் பார்த்தோம். சுமை இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டினால் புகை மெல்லியதாகத்தான் வரும். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியத் தொழுகை அழைப்பு அடங்கிய கொஞ்ச நேரத்தில் வட்டாரத்துக்கே கரண்ட் போனது. எல்லா வீட்டிலும் எல்லாக் கடையிலும் ஏர்கோன் உச்சத்தில் ஓடினால் எங்காவது ஒரு கம்பி தாங்காது. எங்கள் ஜென்செட் உடனே பிடித்துக்கொண்டது. இயந்திரங்கள் நிற்கவில்லை. ஆனால் ஏர்கோன் ஜென்செட்டின் இணைப்பில் இல்லை. இயந்திரங்கள், விளக்கு, தண்ணீர் சுத்திகரிப்பு, இவ்வளவுதான் அதில்.

புல் எரியும் புகைக்காக ஜன்னல்களை எல்லாம் மூடி, இடுக்குகளில் நாடா ஒட்டி வைத்திருந்தோம். அறை சட்டென்று சூடேறியது. மையத்தின் மேலாளர் ஹமீது பாய் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். நோன்பு பிடித்திருந்தார், உதடு காய்ந்திருந்தது.

"அண்ணே, ஏர்கோனையும் ஜென்செட்ல மாட்ட முடியுமா? ஜனங்க கத்துறாங்க லா. ரெண்டு பேருக்கு பிரஷர் எறங்குது."

"மாட்டலாம் பாய். ஜென்செட் தாங்கும்."

"அப்போ மாட்டுங்க. எவ்ளோ டீசல் குடிச்சாலும் பரவால்ல."

மாட்டினேன். ஏர்கோனோடு வெளிக்காற்று விசிறியும் ஒரே இணைப்பு, அதுவும் ஓட ஆரம்பித்தது. ஜென்செட்டின் சத்தம் கனத்தது. டீசல் குழாயில் ஒரு கசிவை இறுக்கிவிட்டு, கை துடைத்துக்கொண்டு மாடி ஏறினேன். குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. சில பேர் கை தட்டினார்கள்.

குளிர்காற்று இறங்கும் துவாரங்கள் பின்சுவர்ப் பக்கம். அதற்கு நேர் கீழே நான்கு நாற்காலிகள். அந்த வெயில் காலத்தில் அந்த நான்குக்கும் போட்டி. முதலில் வந்தவர்களுக்கே கிடைக்கும். அன்று அதில் ஒன்றில் இருந்தவர் குணவதி அக்கா. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலை நடத்தி ஓய்ந்தவர், ஜெலுத்தோங் பிளாட்டில் தனியாக இருப்பவர். மதியச் சுற்று தொடங்க வெகுநேரம் முன்பே வந்து வாசலில் நின்று அந்த இடத்தைப் பிடிப்பார்.

"வாங்க சார்ஜ்மேன்," என்றார். "ஆமா, என்னா இது, பெட்ரோல் ஸ்டேஷனே மாடி ஏறி வந்த மாதிரி இருக்கு?"

தலைமைத் தாதி ஸ்டெல்லா மிஸ்ஸி மூக்கைச் சுளித்தார். "அண்ணே, உங்க சட்டைல டீசல். பேஷண்டுக்கு எல்லாம் கொமட்டும். கொஞ்சம் வெளிய நில்லுங்க, பிளீஸ்."

என் சட்டையைப் பார்த்தேன். கறை இருந்தது. எனக்கோ வாடை தெரியவில்லை. ஜென்செட்டோடு நாளெல்லாம் நிற்பவன் மூக்கு டீசலைக் கணக்கில் எடுப்பதில்லை. இதை நன்றாக மனத்தில் வையுங்கள். நம் தொழிலில் முதலில் பழுதாவது மூக்குத்தான், அதை யாரும் மாற்றித் தருவதில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கீழே போனேன்.

அதன் பிறகு நடந்ததைத் தாதிகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குணவதி அக்காவுக்குத் தலைவலி வந்தது. டயாலிசிஸில் அது வழக்கம், நீர் வேகமாக இறங்கினால் வரும். மிஸ்ஸி வேகத்தைக் குறைத்தார். பக்கத்து நாற்காலிப் பெரியவர் வாந்தி எடுத்தார். அதுவும் வழக்கம். இளைய தாதி ஒருத்திக்குத் தலை சுற்றியது. வெயிலில் பஸ்ஸுக்கு நின்றதால் என்றாள். ஹமீது பாய்க்கு நெற்றிப்பொட்டு இடித்தது. நோன்பு, தண்ணீர் இல்லை, வேறென்ன? ஆளுக்கொரு காரணம், ஒவ்வொன்றும் நம்பத் தகுந்ததாக இருந்தது. டீசல் வாடைக்கும் ஒரு காரணம் இருந்தது. அது என் சட்டை.

நான் கீழே கை கால் கழுவி, லாக்கரில் கிடந்த கோயில் திருவிழா டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டேன். ஹமீது பாய் மறுபடி கூப்பிட்டார். முன்பக்க நாற்காலிகளுக்குக் குளிர் போதவில்லையாம், கூட்ட முடியுமா என்று. ஏறினேன். குணவதி அக்கா கண்ணை மூடியிருந்தார். முகம் வழக்கத்தைவிடச் சிவந்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார்.

"சட்டைய மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டேன்கா."

"வாடை மாறலயே," என்றார். பேச்சு குழறியது. "நீங்க எறங்கிப் போயி எவ்ளோ நேரம் ஆச்சு. அது இங்கயேதான் உக்காந்திருக்கு."

மூச்சை இழுத்துப் பார்த்தேன், என் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.

அறையைப் பார்த்தேன். துவாரங்களுக்கு நேர் கீழே இருந்த நால்வரும் துவண்டு கிடந்தார்கள். குளிர் எட்டாத முன்வரிசையில், விசிறிக்கொண்டும் முணுமுணுத்துக்கொண்டும் இருந்தவர்கள் தெளிவாக இருந்தார்கள். ஒருவர் என்னைத் திட்டக்கூடச் செய்தார். சூட்டால் வந்த மயக்கம் என்றால் அவர்களுக்கல்லவா முதலில் வர வேண்டும்?

பின்படிக்கட்டில் ஓடிச் சந்துக்கதவைத் திறந்தேன். தகட்டுக்குக் கீழே புகை தொங்கியது, அடுப்படிக் கூரையில் தொங்குவதுபோல. ஏறிப் போக வழியில்லை. அந்தப் புகையின் நடுவில் வெளிக்காற்று விசிறி மும்முரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. புகையை இழுத்து, குளிரவைத்து, நோயாளிகள் தலைமேல் இறக்கிக்கொண்டிருந்தோம். டீசல் வாடையாவது மூக்குக்குத் தெரியும். அதோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

வெப்பம் கூடக் கூட நகரங்கள் தங்களைக் குளிர்வித்துக்கொள்ள மேலும் மேலும் எரிக்கின்றன, எரித்து மூச்சுவிடும் காற்றைக் கெடுத்துக்கொள்கின்றன என்று எத்தனையோ கட்டுரைகளில் படித்திருக்கிறேன். தீவுக்கு எதிர்க்கரையில் பிறை என்ற ஊரின் மின்நிலையத்தைக் கடந்து போகும்போது அதை நினைத்தும் இருக்கிறேன். அது எப்போதும் கடலுக்கு அந்தப் பக்கத்து விஷயமாகவே இருந்தது.

கை தானாகவே ஜென்செட்டின் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. உங்கள் கையும் போகும். அங்கேதான் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன். ஜென்செட் நின்றால் எல்லா இயந்திரங்களும் ஒரே நேரத்தில் அலறும். ஒவ்வொருவர் ரத்தத்திலும் ஒரு பங்கு உடம்புக்கு வெளியே குழாயில் இருக்கும். இயந்திரத்தின் பேட்டரி கொஞ்ச நேரம்தான் வரும். மேலே மூன்றே தாதிகள், அதில் ஒருத்திக்குத் தலை சுற்றல். புகையை நிறுத்தப் போய் ஆளை இழக்கலாம். கையை எடுத்தேன். முதலில் இழுக்கும் விசிறி நிற்க வேண்டும். அப்புறம் ஜன்னல். அப்புறம் ஆட்கள். ஜென்செட் கடைசி.

மின்பலகைக்கு ஓடி ஏர்கோன் இணைப்பை இறக்கினேன். விசிறியும் அதோடு நின்றது. மேலே ஒரு கூச்சல் எழுந்தது. நான் ஏறிச் சேர்வதற்குள் ஹமீது பாய் படியிலேயே மறித்தார்.

"யார் ஆப் பண்ணது?"

"நான்தான் பாய். சந்துல புகை அடைச்சிருக்கு, அதைத்தான் ஏர்கோன் உள்ள இழுக்குது. ஜன்னல் எல்லாம் தொறக்கணும்."

"வெளிய புகைன்னுதானே மூடி வச்சிருக்கோம்?" கைத்தொலைபேசியைக் காட்டினார். "பாருங்க, இன்னிக்கு பினாங்கு காற்றுத் தரம் மிதமானதுன்னு போட்டிருக்கான். உள்ள எப்படிண்ணே மோசமா இருக்கும்? மீட்டர்ல பாத்தீங்களா?"

"மீட்டர் இல்ல பாய். நம்மகிட்ட வாங்கி வைக்கல."

"அப்போ எதை வச்சு சொல்றீங்க? உள்ள வெந்து ஒருத்தர் போயிட்டா நான் என்னா பதில் சொல்றது?"

அவர் கேட்டதில் தப்பில்லை. சூட்டில் ரத்த அழுத்தம் இறங்கி ஆள் போகலாம். அவரிடம் ஓர் எண் இருந்தது, என்னிடம் இல்லை. ஆனால் அந்த எண் ஊருக்கானது. இந்த அறைக்கு எவரும் எண் எடுத்ததில்லை.

"உங்களுக்குத் தலை வலிக்குதா பாய்?"

"நோன்பு, வலிக்காதா?"

"நேத்தும் நோன்புதானே? நேத்து வலிச்சுதா?"

அவர் நெற்றியில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். பின்னாலிருந்து ஸ்டெல்லா மிஸ்ஸியின் குரல் கேட்டது.

"பாய், எனக்கும் வலிக்குது. எனக்கு நோன்பு இல்ல, டயாலிசிஸ் இல்ல. ஜன்னலத் தொறங்க."

ஹமீது பாய் வழிவிட்டார். நாடாவைக் கிழித்து முன்ஜன்னல்களைத் திறந்தோம். சூடு அறைக்குள் மொத்தமாக வந்து விழுந்தது. துவாரத்துக்குக் கீழே இருந்த நால்வருக்கும் முதலில் ரத்தத்தைத் திருப்பி ஏற்றிக் கழற்றச் சொல்லி மிஸ்ஸி உத்தரவிட்டார். அவசரத்துக்கு இருந்த ஆக்சிஜன் சிலிண்டரில் ஒன்று குணவதி அக்காவுக்குப் போனது. அவர் பேச்சை நிறுத்தியிருந்தார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

தன் தாயாருக்குத் துணையாக வந்திருந்த ஒருவர், பருத்த ஆள், என் சட்டையைப் பிடித்தார்.

"ஏர்கோன் ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு! எங்கம்மா வேத்து ஊத்துறாங்க, கண்ணு தெரியலயா உனக்கு?"

"அம்மா வேர்த்தா பரவால்ல அண்ணே. மூச்சு விடணும்."

ஜன்னலருகே நின்றுதான் இதைச் சொன்னேன். அப்போது கீழேயிருந்து இன்னொரு வாடை வந்தது. எட்டிப் பார்த்தேன். கட்டடத்தின் முன்னால் சாலையோரம் நெடுக வண்டிகள். கரண்ட் போன கட்டடத்தில் காத்திருக்க முடியாமல் உறவினர்கள் எல்லோரும் தங்கள் வண்டிக்குள் ஏறி, இன்ஜினை ஓடவிட்டு, ஏர்கோனில் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவும் நான் திறந்த ஜன்னல்களுக்கு நேர் கீழே.

அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியவில்லை. யார்மேல் கோபப்படுவது? அவர்களும் வெந்துகொண்டிருந்தார்கள். இறங்கி ஓடி ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டினேன்.

"இன்ஜின் ஆப் பண்ணுங்க, இல்லாட்டி தள்ளிப் போங்க. புகை மேல போவுது!"

"பத்து நிமிஷம்தான் லா, அங்கிள்."

"எல்லாரும் பத்து நிமிஷம்தான் சொல்றீங்க. உங்க ஆளு மேலதான் இருக்காங்க!"

சிலர் நிறுத்தினார்கள். சிலர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். என் சட்டையைப் பிடித்த அதே ஆள் படியிறங்கி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். நேராகத் தன் வண்டிக்குப் போய், உள்ளே இருந்த மனைவியிடம் என்னவோ சொன்னார். இன்ஜின் நின்றது. பிறகு அடுத்த வண்டியைத் தட்டினார், எனக்கு இல்லாத குரலில்.

"ஓய்! எங்கம்மா மேல இருக்காங்க. காடிய நவுத்து!"

அந்தப் பக்கத்தை அவரிடம் விட்டுவிட்டுச் சந்துக்கு ஓடினேன். விஷயம் கேட்டு ஆ செங் அதற்குள் தகட்டின்மேல் ஏறியிருந்தான். வெயிலில் காய்ந்த தகடு. கையில் துணி சுற்றிக்கொண்டு ஆணியை நெம்பினான். ஒவ்வொரு தகடாகக் கீழே போட்டான். புகை கிழிந்து மேலே போனது.

"அண்ணே, நான் போட்டதுதான், நானே கழட்டுறேன் லா," என்று தனக்குத் தெரிந்த தமிழில் கத்தினான்.

"எல்லாரும் சேந்துதான்டா போட்டோம். கை பத்திரம்."

கடைசி நோயாளியையும் கழற்றியாகிவிட்டது என்று மிஸ்ஸி மேலிருந்து கையசைத்த பிறகுதான் ஜென்செட்டை நிறுத்தினேன். ஆம்புலன்ஸ் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனது. ஒருவர் குணவதி அக்கா.

கொஞ்ச நேரத்தில் ஊர்க் கரண்ட் திரும்பியது. விளக்குகள் எரிந்தன. சொட்டச் சொட்ட வியர்த்திருந்த அறை முழுவதும் என்னைப் பார்த்தது. "போடுங்கண்ணே," என்றது ஒரு குரல். பிறகு எல்லாக் குரலும். ஹமீது பாய்கூட வாய் திறக்காமல் கண்ணால் கேட்டார். ஜென்செட் நின்றுவிட்டது. ஆனால் ஏர்கோனின் காற்றுக்குழாய்க்குள்ளும் சந்திலும் என்ன மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மின்பலகையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று மாலை முழுக்க அந்த மாடிக்கு ஏர்கோன் இல்லை. என்னைத் திட்டாதவர் இல்லை. புகை கிளப்பும்போது கை தட்டியவர்களும் இவர்கள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நோன்பு திறக்கும் நேரத்தில் மருத்துவமனையிலிருந்து மிஸ்ஸிக்கு அழைப்பு வந்தது. இருவர் ரத்தத்திலும் கார்பன் மோனாக்சைடு இருந்தது, ஆக்சிஜன் கொடுக்கிறார்கள், இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள். ஹமீது பாய் கையில் எடுத்த பேரீச்சம்பழத்தை வாயில் போடாமல் அப்படியே வைத்திருந்தார்.

அந்த வாரமே புகைக்குழாயை மொட்டைமாடிக்கு மேலே நீட்டினோம், விசிறியின் வாயை முன்பக்கம் மாற்றினோம், மோனாக்சைடு மீட்டர் வாங்கினோம். இவையெல்லாம் யாரும் செய்யக்கூடியவை. இந்த ஊரின் வெயில் இனி குறையப் போவதில்லை என்றுதான் நான் படிப்பதிலெல்லாம் இருக்கிறது. கரண்ட் போகும், ஜென்செட் ஓடும், ஏர்கோனைப் போடச் சொல்லி உங்களைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். எல்லோருடைய தலைவலிக்கும் ஒரு நல்ல காரணம் தயாராக இருக்கும். குளிராக இருப்பதாலேயே காற்று நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் நம்புவார்கள். நீங்களும் நம்புவீர்கள்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை குணவதி அக்கா மையத்துக்குத் திரும்பி வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். பின்சுவர்ப் பக்கத்து நான்கு நாற்காலிகளும் காலியாகக் கிடந்தன. யாரும் அங்கே உட்கார முன்வரவில்லை, வெயிலில் வேகும் முன்வரிசைக்குத்தான் அன்று போட்டி. அவர் தன் பழைய நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் கேட்டார்.

"சார்ஜ்மேன், இதுல உக்காரலாமா?"

நான் முதலில் சந்துக்குப் போனேன். புகைக்குழாயை அண்ணாந்து பார்த்தேன். முன்பக்கம் வந்து விசிறியின் வாயருகே நின்றேன், கீழே எந்த வண்டியும் இன்ஜினை ஓடவிட்டு நிற்கவில்லை. மீட்டரை எடுத்துக்கொண்டு மாடி ஏறி, அந்தத் துவாரத்துக்கு நேர் கீழே பிடித்தேன், பூஜ்யம் காட்டியது. அது போதாதென்று இளைய தாதியைக் கூப்பிட்டு, வாடை ஏதும் தெரிகிறதா என்று கேட்டேன். என் மூக்கை நான் நம்பவில்லை. அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவ்வளவு நேரமும் அக்கா நின்றுகொண்டே இருந்தார்.

"இன்னிக்கு உக்காரலாம்கா," என்றேன்.

"இன்னிக்கா? அப்போ வியாழக்கிழமை?"

"வியாழக்கிழமை பாத்துட்டுதான் சொல்ல முடியும்."

அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, தாதியின் ஊசிக்குக் கையை நீட்டினார்.